103 வெற்றிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் நீங்கள் வாழ்ந்த நாட்களில் பேஸ்பால் பார்த்ததாக எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். நாங்கள் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். ஒன்பது வயது மகனால் நானும் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் ரசிகன் ஆனேன். இந்த 2025 செப்டம்பர் 12 இரவு லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்கு எதிராகப் பத்தாவது இன்னிங்ஸில் பேட்ரிக் பெய்லி கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நான்கு ரன்) அடித்து முடித்துவைத்தபோது வீட்டில் ஆடித் தீர்த்தோம். பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிக்கட்டச் சுற்றுகள், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அப்புறம் வரிசையாகத் தோல்வி. தினமும் எழுந்ததும் இணையத்தில் பிளேஆஃப் வாய்ப்புச் சதவீதத்தைப் பார்க்கிறேன், இறங்கிக்கொண்டே போகிறது. ஜூனில் டெவர்ஸை வாங்கிவிட்டு ஜூலைக் கடைசியில் ரோஜர்ஸ், டோவால், யஸ்ட்ரெம்ஸ்கி மூவரையும் வேறு அணிகளுக்கு டிரேட் செய்தது என்ன கணக்கு? மேலாளரை மாற்ற வேண்டாமா? பந்து வீசும் இளம் பிட்சர்கள் எல்லாம் தண்டச்சோறு. அலுவலக நண்பர் ஒருவர் ஓக்லண்டில் இருந்த அத்லெட்டிக்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர். அணி ஊரைவிட்டே போனபிறகும் ஸ்கோர் பார்க்கிறார், பாவம். எங்களிடம் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கொலராடோவுடனான ஆட்டத்துக்கு டிக்கெட் இருக்கிறது. அதற்குள் வாய்ப்பு போய்விட்டால் விற்றுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

வைல்டு கார்டுப் பட்டியலை (பிரிவில் முதலாவது வராத அணிகளுக்குக் கிடைக்கும் பிளேஆஃப் இடம் அது) கொஞ்ச நாளாக நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கப் பார்க்க மனம் கசக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

டெவர்ஸ் விஷயமும் மேலாளர் விஷயமும் அணி நிர்வாகத்தின் தலைவர் பஸ்டர் போசியின் கவலை. அதற்குத்தான் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ‘தண்டச்சோறு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட மாட்டேன். அந்தச் சொல்லை மகன் எதிரில் சொன்னீர்களா? அந்தப் பையன்களில் பலர் சில மாதம் முன்புவரை சிறிய ஊர்களில் கீழ்நிலை மைனர் லீக் ஆடி, இரவெல்லாம் பேருந்தில் போனவர்கள். நாற்பதாயிரம் பேர் நடுவில் மேட்டின் மேல் தனியாக நிற்பவனைச் சோஃபாவில் சாய்ந்துகொண்டு வைய உங்களுக்கு என்ன உரிமை?

சாலமன் டோரஸ் என்று ஒரு பிட்சர் இருந்தார். உங்கள் மகனுக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள். 1993 அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை. ஜயன்ட்ஸும் அட்லான்டா பிரேவ்ஸும் ஆளுக்கு 103 ஆட்டம் வென்று, ஒரே ஓர் ஆட்டம் பாக்கி வைத்து, சமமாக நின்றன. (அட்லான்டா அப்போது மேற்குப் பிரிவில் இருந்தது. வரைபடத்தைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.) ஜூலையில் ஜயன்ட்ஸ் நெடுந்தூரம் முன்னால் இருந்தார்கள். பேரி பாண்ட்ஸ் ஜயன்ட்ஸுக்கு வந்த முதல் வருடம், 46 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி). அட்லான்டா ஃப்ரெட் மெக்ரிஃபை வாங்கியது, துரத்த ஆரம்பித்தது. செப்டம்பரில் ஜயன்ட்ஸ் தொடர்ந்து எட்டு ஆட்டம் தோற்று, பின்னால் விழுந்து, மறுபடி எழுந்துவந்து சமன் செய்தார்கள். கடைசி ஆட்டம் டாட்ஜர்ஸின் மைதானத்தில். பந்து வீசப் போனவர் டோரஸ், 21 வயது, அந்த வருடம்தான் மேஜர் லீக்குக்கு வந்தவர். அட்லான்டா அன்று முன்னதாகவே ஆடி வென்றுவிட்டது. ஜயன்ட்ஸ் 12–1 என்று தோற்றார்கள்.

அந்தப் பன்னிரண்டில் பெரும்பாலான ரன்கள் டோரஸ் இறங்கிப் போனபிறகு வந்தவை. ஆனாலும் ஊர் அவரைத்தான் வைதது. 1997இல் அவர் ஆட்டத்தையே விட்டுப் போனார். 2002இல் திரும்பி வந்தார். 2006இல் பிட்ஸ்பர்குக்காக ஒரே பருவத்தில் 94 ஆட்டங்களில் பந்து வீசினார். அதைக் கொண்டாட சான் ஃபிரான்சிஸ்கோவில் யார் இருந்தார்கள்?

அந்த ஞாயிறு நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள் சமையலறை மேசையில் வானொலியை வைத்துக்கொண்டு, பென்சிலால் கட்டம் போட்ட புத்தகத்தில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார். 1958இல் அணி நியூயார்க்கிலிருந்து வந்த நாள்முதல் அவர் பார்ப்பவர். கேண்டில்ஸ்டிக் பார்க்கின் குளிர்காற்றில் ஜூலை மாதத்திலும் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவர். டாட்ஜர்ஸ் அடிக்க அடிக்க நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அவர் எழவில்லை. கடைசி அவுட் வரை ஒரு கட்டம்கூட விடாமல் எழுதினார். ஏன் என்று கேட்டேன். “103 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த பையன்கள், பாதியில் விட்டுப்போவதா?” என்றார். எனக்கு பேஸ்பாலைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நான் திரும்பிவந்த பின்னும் கடிதம் எழுதுவார். அதில் பாதி ஜயன்ட்ஸைப் பற்றியே இருக்கும்.

அப்போது பிரிவில் முதலாவது வரும் அணிக்குத்தான் பிளேஆஃப். 103 வென்றும் வீட்டுக்குப் போனார்கள். கிழக்குப் பிரிவில் 97 வென்ற ஃபிலடெல்ஃபியா உள்ளே போனது. அநீதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அநீதி இருந்ததால்தான் அந்தச் செப்டம்பரின் ஒவ்வொரு பந்துக்கும் எடை இருந்தது. இரண்டாவதாக வந்தால் ஒன்றுமில்லை என்று இருபுறமும் தெரிந்தே ஆடினார்கள். அப்படி நடந்த கடைசிப் பந்தயம் அது. அடுத்த வருடமே மூன்று பிரிவு, வைல்டு கார்டு என்று மாற்றினார்கள். 1994 வேலைநிறுத்தத்தில் பாதியில் நின்றதால் 1995இல் நடைமுறைக்கு வந்தது. இருக்கும் இரண்டு லீக்குகளில், ஒரு லீக்குக்கு நான்கு அணி. 2012இல் ஐந்து. 2022 முதல் ஆறு. இப்போது முப்பதில் பன்னிரண்டு அணிக்கு பிளேஆஃப்.

ஐ.பி.எல்.லிலும் பத்தில் நான்கு, அதே விகிதம்தானே என்பீர்கள். அங்கே ஓர் அணி ஆடுவது 14 ஆட்டம். நல்ல அணிக்கு ஒரு கெட்ட வாரம் வந்தால் எல்லாம் போய்விடும், அதனால் இன்னொரு வாய்ப்பு கொடுப்பதில் பொருள் உண்டு. இங்கே 162 ஆட்டம்! ஏப்ரல் குளிர், ஆகஸ்ட் வெயில், காயம், பயணம், அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம் எல்லாம் அதற்குள் வந்து கரைந்துவிடும். இதைவிட நேர்மையான தேர்வு எந்த விளையாட்டிலும் கிடையாது. அத்தனை நீண்ட தேர்வை வைத்துவிட்டு, அதில் ஆறாவது வந்தவனையும் உள்ளே விட்டு, மூன்று ஆட்டம், ஐந்து ஆட்டத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்வது அந்த ஆறு மாத உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை.

2021ஐ நினைத்துப் பாருங்கள். ஜயன்ட்ஸ் 107 வெற்றி. இந்த அணியின் வரலாற்றிலேயே அதிகம். டாட்ஜர்ஸ் 106. முடிவானது கடைசி நாள், அதுவும் அக்டோபர் 3. லோகன் வெப் பந்தும் வீசி, ஹோம் ரன்னும் அடித்து, சான் டியேகோவை 11–4 என்று வென்றார்கள். 1993இல் ஓர் ஆட்டத்தில் இழந்ததை 28 வருடம் கழித்து, அதே தேதியில், ஓர் ஆட்டத்தில் மீட்டார்கள். நியாயமாக அன்றோடு டாட்ஜர்ஸ் கதை முடிந்திருக்க வேண்டும். வைல்டு கார்டு அவர்களைத் திரும்பக் கூட்டிவந்தது. அக்டோபர் 14, பிளேஆஃபில் இரு அணிகளின் ஐந்தாவது ஆட்டம், டாட்ஜர்ஸ் 2–1 என்று வென்றார்கள். வில்மர் ஃபுளோரஸ் மட்டையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார், நடுவரோ ‘சுற்றிவிட்டார், அவுட்’ என்று கையைத் தூக்கினார். 107 வெற்றி அந்தக் கையில் போயிற்று. இன்னும் எனக்கு ஆறவில்லை.

2014ஐக் கொண்டுவந்து என் வாயை அடைக்கப் பார்ப்பீர்கள். 88 வெற்றியோடு, டாட்ஜர்ஸுக்கு ஆறு ஆட்டம் பின்னால், வைல்டு கார்டாக நுழைந்து கோப்பையை வென்றோம் அல்லவா? வென்றோம். கான்சாஸ் சிட்டியில் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், இரண்டே நாள் ஓய்வுக்குப்பின் மேடிசன் பம்கார்னர் வந்து ஐந்து இன்னிங்ஸ் வீசி முடித்தது நான் கண்ட மாபெரும் காட்சிகளில் ஒன்று. அந்தப் பெருமை பம்கார்னருடையது. விதிக்கு அதில் பங்கு கொடுக்க மாட்டேன்.

இந்த விதி உங்கள் அணியை என்ன செய்திருக்கிறது பாருங்கள். 2022இல் 81 வெற்றி, 81 தோல்வி. அடுத்து 79. அடுத்து 80. இந்த வருடமும் அங்கேயேதான் தத்தளிக்கிறார்கள். முன்பு இப்படி ஓர் அணி ஆடினால் ஊர் கேள்வி கேட்கும். இப்போது ஜூலையில் நல்ல ஆட்டக்காரர்களை அனுப்பிவிட்டும் செப்டம்பரில் ‘இன்னும் உயிரோடு இருக்கிறோம்’ என்று விளம்பரம் செய்யலாம். முதலாவதாக வர ஆடியது போய், ஏழாவதாகாமல் இருக்க ஆடுகிறார்கள். நீங்கள் தினமும் காலையில் பார்க்கும் அந்தச் சதவீதம் இதற்குத் துணைபோகிறது. அதை நிறுத்துங்கள். முந்தின இரவு ஆட்டத்தில் யார் எப்படி வீசினார் என்று மகனிடம் கேளுங்கள், அவனுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் நண்பரைப் பாவம் என்கிறீர்கள். எனக்கு அது வலித்தது. அத்லெட்டிக்ஸ் 1968 முதல் 2024 வரை ஓக்லண்டில் ஆடி நான்கு கோப்பை வென்ற அணி. உங்கள் ஃப்ரீமான்ட்டிலேயே 2006இல் அரங்கம் கட்டுவதாக அறிவித்து, 2009இல் கைவிட்டார்கள் தெரியுமா? 2023 ஜூன் 13 அன்று அது லீக்கிலேயே மோசமான அணி, அந்த வருடம் 112 ஆட்டம் தோற்றது. அன்று 27,759 பேர் வந்து ‘அணியை விற்றுவிடு’ என்று உரிமையாளரைப் பார்த்துக் கத்தினார்கள். அன்று அவர்களுடைய பிளேஆஃப் சதவீதம் எவ்வளவு இருந்திருக்கும்? 2024 செப்டம்பர் 26, ஓக்லண்டில் கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர். இப்போது அந்த அணி வெஸ்ட் சாக்ரமெண்டோவில் மைனர் லீக் மைதானம் ஒன்றில் லாஸ் வேகஸ் அரங்கத்துக்காகக் காத்திருக்கிறது. ஜூலையில் ஹூஸ்டனில் நிக் கர்ட்ஸ் என்ற புதிய பையன் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தான். உங்கள் நண்பர் அதைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்? 1992இல் ஜயன்ட்ஸும் ஃபிளோரிடாவுக்கு விற்கப்பட்டுப் போயிருக்கவேண்டிய அணிதான். மற்ற உரிமையாளர்கள் மறுத்ததால், உள்ளூர்க்காரர்கள் வாங்கியதால் நின்றது. இல்லையென்றால் இன்று உங்கள் மகனும் அந்த நண்பர் மாதிரிதான் இருந்திருப்பான்.

டிக்கெட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விற்காதீர்கள். கொலராடோ இந்த வருடம் 110க்கு மேல் தோற்றுவிட்டு அந்த ஞாயிறும் ஆட வருகிறது, உங்களுக்குப் போவதற்கு என்ன? காரை விட்டுவிட்டு ரயிலில் போங்கள். இன்னொரு டிக்கெட் எடுத்து அந்த நண்பரையும் அழையுங்கள். ஜயன்ட்ஸ் ஆட்டத்துக்கு வர முதலில் மறுப்பார், மகனை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அவருக்கு ஸ்கோர் எழுதத் தெரிந்திருக்கும். பையனுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

அன்புடன்