‘சமாளித்துவிடலாம்’ என்று எழுதிய தம்பிக்கு

நீங்கள் ‘அக்கா’ என்று தொடங்கியிருப்பதால் நானும் தம்பி என்றே அழைக்கிறேன். அமெரிக்காவுக்குப் படிக்க வந்து இரண்டு வருடம் ஆகிறது, ஒரு மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறையில் மேற்பரப்பு நீரின் தர மதிப்பீட்டை ஒருங்கிணைக்கும் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் சேர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பளம் உயருமா, விசாவுக்குத் துறை கைகொடுக்குமா, எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்வது, இவர்கள் வாயில் நுழையாத பெயரைச் சுருக்கிக்கொள்ளலாமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி: “தொலைபேசியில் இவர்கள் பேசுவது பாதிதான் புரிகிறது. ஆனால் சமாளித்துவிடலாம், இல்லையா?”

மற்றவற்றை முதலில் தள்ளிவிடுகிறேன். சம்பளம் தனியார் நிறுவனங்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும், தெரிந்துதானே ஒப்புக்கொண்டீர்கள். விசாவுக்கு வழக்கறிஞரைக் கேளுங்கள், என் காலத்து அனுபவம் உங்களுக்குச் செல்லாக்காசு. மென்பொருள் எதுவானாலும் ஆறு மாதத்தில் கை பழகிவிடும். பெயரைப் பற்றிப் பிறகு பார்ப்போம். எனக்கு உறுத்தியது அந்தக் கடைசி வரிதான். இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். இதில் நான் செய்த மிகப் பெரிய தவறு அந்த ஒரு சொல்லில்தான் பிறந்தது.

2005 கோடைக்காலம். நான் சேர்ந்து இரண்டு வருடம்கூட நிறையவில்லை. மாநிலத்தின் ஒரு மூலையில் மலைப்பாங்கான பகுதி. அங்கே மாதிரி எடுக்கும் பொறுப்பு அறுபதை நெருங்கிய ஒரு கள அலுவலருடையது. பட்டம் எதுவும் கிடையாது. முப்பது வருடமாக அந்த ஆறுகளில் இறங்கியவர். அவர் பேச்சோ, சொற்களை வாய்க்குள்ளேயே வைத்து மென்று பாதியை விழுங்கிவிட்டு மீதியை வெளியே விடுகிற பேச்சு. தொலைபேசியில் அவர் குரல் கேட்டாலே எனக்குக் கை வியர்க்கும். ஒரு நாள் காலை அழைத்தார். பாலம் என்றார், பழுது என்றார், கீழே என்று ஏதோ சொன்னார். ஒரு முறை திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார், அப்போதும் பிடிபடவில்லை. இரண்டாம் முறை கேட்க வெட்கம். ஆங்கிலம் தெரியாதவள் என்று நினைத்துவிட்டால்? “சரி, சரி, அப்படியே செய்யுங்கள்” என்று சொல்லி வைத்துவிட்டேன். தொலைபேசியில் யாருக்கும் தெரியாது என்பதை மறந்து தலையையும் ஆட்டினேன்.

அவர் சொன்னது இதுதான்: வழக்கமாக மாதிரி எடுக்கும் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருக்கிறது, அதனால் இந்தப் பருவம் முழுக்க ஆற்றின் போக்கில் அடுத்துள்ள கீழ்ப்பாலத்தில் எடுக்கிறேன், அதற்குத் தனி நிலைய எண், அதாவது மாதிரி எடுக்கும் இடத்துக்கான அடையாள எண், கொடுங்கள்.

நான் எண் கொடுக்கவில்லை. கேட்டதே தெரியாதபோது எங்கே கொடுப்பது? புட்டிகள் எல்லாம் பழைய எண்ணிலேயே ஆய்வகத்துக்குப் போயின. இரண்டு பாலங்களுக்கும் நடுவே மாட்டுப் பண்ணைகள் வழியாக வரும் ஓர் ஓடை ஆற்றில் கலக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை ஈ.கோலி, அதாவது மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் குடல் நுண்ணுயிரியின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டே போனது. மக்கள் இறங்கிக் குளிக்கும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 126 என்பது பெருக்கல் சராசரிக்கான (பல மாதிரிகளின் எண்களைக் கூட்டாமல் பெருக்கி மூலம் எடுக்கும் சராசரி) வரம்பு. எனக்குக் கிடைத்த விடை அதைப் பல மடங்கு தாண்டியிருந்தது. மேல்பாலத்துக்கு மேலே ஒரு சிற்றூரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். வேறென்ன வேண்டும், குற்றவாளி கண்ணெதிரே நிற்கிறான். அந்த ஆற்றுப் பகுதியை ஐந்தாம் வகையில் போட்டு, காரணம் கழிவுநீர் என்று வரைவில் எழுதிவிட்டேன்.

ஐந்தாம் வகை என்றால் என்னவென்று பாடத்தில் படித்திருப்பீர்கள், வேலையில் அதன் கனம் வேறு. தூய்மையான நீர்ச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் இரட்டைப்படை வருடங்களில் ஏப்ரல் 1க்குள் பாதிப்புக்குள்ளான நீர்நிலைகளின் பட்டியலைக் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமைக்கு அனுப்ப வேண்டும். ஒன்றாம் வகை, எல்லாப் பயன்பாட்டுக்கும் உகந்த நீர். மூன்று, முடிவு சொல்லத் தரவு போதாதது. ஐந்து, பாதிக்கப்பட்டது, ஒரு நாளைக்கு அந்த ஆறு எவ்வளவு மாசைத் தாங்கும் என்று கணக்கிட்டு, அதை ஒவ்வொருவருக்கும் பங்குபோட்டுத் தர வேண்டியது. அந்தப் பங்கு சுத்திகரிப்பு நிலையத்தின் உரிமத்தில் நிபந்தனையாக வந்து உட்காரும். ஊர்மக்களின் வரிப்பணம் அதில் இருக்கிறது.

வரைவை மக்கள் கருத்துக்கு வைத்தோம். கூட்டத்துக்கு அந்த ஊரின் பொறியாளர் வந்தார், கையில் எங்கள் கள அலுவலரின் குறிப்பேட்டு நகல்கள். எல்லாத் தாளிலும் பாலத்தின் பெயர், சாலை எண், ‘மேல்பாலம் மூடல், அலுவலகத்துக்குச் சொல்லியாயிற்று’ என்ற குறிப்பு, அழைத்த நாள், நேரம், எதிர்முனையில் பேசியவர் என்று என் பெயர், தப்பும் தவறுமான எழுத்தில். பொறியாளர் குரலை உயர்த்தவே இல்லை. “எங்கள் ஊருக்குக் கீழே ஓர் ஓடை இருப்பது உங்கள் துறைக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். அன்று நான் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று இன்றும் நினைவில்லை.

பட்டியலிலிருந்து அந்தப் பகுதியை எடுத்து மூன்றாம் வகைக்கு மாற்றினோம். ஒரு பருவத்து உழைப்பு, எரிபொருள், ஆய்வகச் செலவு எல்லாம் மேல்பாலத்தைப் பொறுத்தவரை வீண். ஆற்றோடு போன தண்ணீர் திரும்புமா? அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மேலதிகாரி திட்டவில்லை. அந்தக் கள அலுவலரோடு இரண்டு வாரம் போய் வா என்று அனுப்பிவிட்டார். அது தண்டனை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். மார்பு வரை வரும் ரப்பர் காலுடையை மாட்டிக்கொண்டு முதல் முறை ஆற்றில் இறங்கியபோது இரண்டடிக்குள் வழுக்கி உட்கார்ந்தேன். அவர் சிரிக்கவில்லை; நீரோட்டத்துக்குப் பக்கவாட்டில் நில், காலைத் தூக்காதே, தேய்த்துக்கொண்டு நட என்றார். நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து கேட்டபோதுதான் அந்தப் பேச்சின் சுருதி பிடிபட்டது. மூன்றாம் நாள் ஒரு முழு வாக்கியம் புரிந்தது. இன்று எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அந்த மலைப்பக்கத்துப் பேச்சை நான்தான் மொழிபெயர்த்துச் சொல்கிறேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், இருக்கட்டும்.

அந்த இரண்டு வாரத்தில் கற்றது எந்தக் கையேட்டிலும் இந்த வரிசையில் கிடைக்காது. நிலையங்கள் பெரும்பாலும் ஏன் பாலங்களில் இருக்கின்றன? கரை தனியார் நிலம், பாலம் பொதுவழி. வேறிடத்தில் இறங்க வேண்டுமென்றால் நிலத்துக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டும், அதையும் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்: அரசு வண்டியை வாசலில் நிறுத்தாதே, தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போ. புட்டியை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடி, நீ கலக்கிய சேறு உன் கீழ்ப்பக்கமாகப் போகட்டும். ஈ.கோலி மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து எட்டு மணி நேரத்துக்குள் சோதனைக்கு எடுத்தாக வேண்டும். அதற்குள் ஆய்வகம் போய்ச் சேர முடியாத ஆறுகள் எவை, வெள்ளிக்கிழமை பிற்பகல் புட்டி வாங்க முகம் சுளிக்கும் ஆய்வகம் எது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். என் அழகான அட்டவணையில் பாதி நாட்கள் நடக்காத நாட்கள் என்று அவருக்கு முன்பே தெரியும். ஏன் சொல்லவில்லை என்றேன். “சொன்னேனே, நீ சரி என்றாயே” என்றார்.

ஆக்சிஜன் சங்கதி இன்னும் சுவையானது. பகலில் பாசி வெயிலைக் குடித்து ஆக்சிஜனை வெளியே விடும். இரவில் அதுவே மூச்சுக்கு இழுத்துக்கொள்ளும். அதனால் கரைந்த ஆக்சிஜன் பொழுது விடியும் நேரத்தில் அடிமட்டத்துக்கு வரும். அலுவலக நேரத்தில் நண்பகலுக்கு அளந்துவிட்டு, லிட்டருக்கு 9 மில்லிகிராம், மீன்கள் சுகம் என்று எழுதுவது ஆற்றுக்கு மாலை போடுகிற வேலை. விடியற்காலை ஐந்து மணிக்கு அதே இடத்தில் 3 இருக்கலாம். அளவுமானியைக் கட்டி இரவு முழுக்க நீரிலேயே விட்டு வைக்காமல் சில ஆறுகளைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

இவற்றை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உங்கள் மேசைக்கு வரும்போது எல்லாமே வெறும் எண்களாகத்தான் வரும். எண் பொய் சொல்வதில்லை, எங்கிருந்து வந்தேன் என்று தானாகச் சொல்வதும் இல்லை. கேட்டால்தான் தெரியும். கேட்கத்தான் நம்மவர்களுக்கு வாய் வருவதில்லை.

நம்மவர்கள் என்று எழுதிவிட்டேன், கொஞ்சம் ஆற்றாமையையும் கொட்டிவிடுகிறேன். சமாளிப்பு என்பது நமக்கு ஒரு திறமையாகவே ஆகிவிட்டது. முனைவர் பட்டத்தோடு வந்த ஒருவர் எங்களிடம் ஒரு வருடம் இருந்தார். ஆய்வகம் ‘கண்டறியப்படவில்லை’ என்று கொடுத்த இடங்களையெல்லாம் பூஜ்யம் என்று நிரப்பிவிட்டார். கருவியின் கண்டறியும் வரம்புக்குக் கீழே என்பதுதான் அதற்குப் பொருள். அந்த வரம்பே நீர்த் தர வரம்பைவிட உயரமாக இருந்தால் அந்தச் சோதனை எதையும் சொல்லவில்லை. கேட்டதற்கு, கட்டம் காலியாக இருந்தால் நிரல் ஓடவில்லை, சமாளித்தேன் என்றார். கள அலுவலர்களின் அழைப்பை அவர் எடுக்கவே மாட்டார், படிக்காதவர்களோடு என்ன பேச்சு என்று. அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்றால், ஒரு பாலத்தைத் தொலைத்தவள் என்ற முறையில் கொஞ்சம் இருக்கிறது.

இன்னொரு ரகம் வார இறுதிச் சந்திப்புகளில் கிடைக்கும். “இன்னும் சாக்கடையைத்தான் அளந்துகொண்டிருக்கிறாயா?” என்று கேட்பார்கள், கணினித் துறையில் மூன்றாவது நிறுவனம் மாறிய மகிழ்ச்சியில். முன்பெல்லாம் பதில் சொல்வேன். 1969 ஜூனில் கிளீவ்லாண்டில் கயஹோகா ஆறு தீப்பற்றியதிலிருந்து தொடங்கி, 1972 அக்டோபரில் அதிபர் நிக்சன் மறுத்து ஒப்பமிடாத தூய்மையான நீர்ச் சட்டத்தை நாடாளுமன்றம் மறுநாளே மீறி நிறைவேற்றியது வரை. கேட்பவர் கண்கள் இரண்டாவது நிமிடத்தில் கைப்பேசிக்குப் போய்விடும். இப்போது ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

மேல்பாலத்துக் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். 2006, 2007 கோடைகளில் இரண்டு பாலங்களிலும் தனித்தனி எண்களில் மாதிரி எடுத்தோம். மேல்பாலத்தில் பெருக்கல் சராசரி வரம்புக்குள்ளேயே இருந்தது. அந்த ஊரின் மேல் ஒரு பழியும் இல்லை. கீழ்ப்பாலம் ஐந்தாம் வகைக்குப் போனது, இந்த முறை சரியான காரணத்தோடு. பண்ணையிலிருந்து வழிந்தோடும் நீருக்கு ஆலைக்கழிவுபோல உரிமமும் கிடையாது, நிபந்தனையும் கிடையாது. ஆகவே மாடுகள் ஓடையில் இறங்காமல் வேலி போடுங்கள், தண்ணீர்த் தொட்டிக்கு மானியம் தருகிறோம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. நான்தான் போனேன். வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு. கடைசி வேலியைப் போட்டு முடிக்க எட்டு வருடம் ஆயிற்று.

உங்களுக்கு ஒன்றிரண்டு. சேர்ந்த முதல் வாரமே களத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், பிறகு பார்க்கலாம் என்றால் விடாதீர்கள். தொலைபேசியில் புரியாவிட்டால், “எனக்குப் புரிந்ததை நான் சொல்கிறேன், தவறென்றால் நிறுத்துங்கள்” என்று அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். வைத்த உடனே நான்கு வரி மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். மூன்றாம் முறை கேட்பதால் எந்த வேலையும் போகாது. தரவு இல்லாத ஆற்றை நல்ல ஆறு என்று வரைபடத்தில் நீலமாகத் தீட்டச் சொல்வார்கள், பார்க்க அழகாக இருக்கிறதாம். சாம்பல் நிறத்திலேயே விடுங்கள்.

பெயர் விஷயம். சுருக்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம், நான் சுருக்கவில்லை. அந்தக் கள அலுவலர் ஓய்வு பெறும் நாள் வரை என் பெயரை ஒழுங்காக உச்சரித்ததே இல்லை; நடு அசையை மென்று விழுங்கிவிடுவார். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள், வண்டியில் போகும்போது, எழுத்துக்கூட்டிச் சொல் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த குறிப்பேடுகளில் என் பெயரில் ஓர் எழுத்தும் பிசகியதில்லை. நிலைய எண்ணை எழுதுவதுபோலவே, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக.