அவருக்குப் பதில் இவர்: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி: எங்கள் மேலாளர் இரண்டு வாரம் விடுப்பில் இருக்கிறார். அவர் வேலையையும் நான்தான் பார்க்கிறேன். தலைமை அலுவலகத்துக்கு "ஐ ஆம் ரிப்ளேசிங் தி மேனேஜர்" என்று மின்னஞ்சல் அனுப்பினேன். "அவர் எப்போது வேலையை விட்டார்?" என்று போன் வந்துவிட்டது. எங்கே தப்பு?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: இலக்கணத்தில் தப்பே இல்லை. ஆனால் பதவியில் இருக்கும் ஆளைப் பற்றி 'ரிப்ளேஸ்' என்று எழுதினால், பழையவர் போய்விட்டார், நாற்காலி இனி இவருக்கு என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். திரும்பி வரப்போகிறவர் என்றால் 'ஃபில் இன் ஃபார்', 'ஸ்டாண்ட் இன் ஃபார்', 'கவர் ஃபார்' மூன்றில் எதுவும் பொருந்தும். "ஐ ஆம் ஃபில்லிங் இன் ஃபார் தி மேனேஜர் அன்டில் ஜூன் ட்வென்டியத்" என்று தேதியையும் சேர்த்துவிடுங்கள். போனே வராது.

கூட வரும் 'ஃபார்' விட்டுப்போகக் கூடாது. 'ஃபில் இன் தி ஃபார்ம்' என்றால் படிவத்தை நிரப்புவது. 'ஃபில் மீ இன்' என்றால் நடந்ததை எனக்குச் சொல் என்பது. 'ஸ்டாண்ட் பை' வேறு கதை: கூப்பிட்டால் வரத் தயாராக இருப்பவர், இன்னும் வேலையில் இறங்காதவர்.

'கவர் ஃபார்' கொஞ்சம் வில்லங்கமானது. ஒருவர் செய்த தப்பை மூடி மறைப்பதற்கும் அதே சொல்தான். தணிக்கைக்கு வந்தவரிடம் "ஐ கவர்ட் ஃபார் ஹிம்" என்று மொட்டையாகச் சொல்லி வைக்காதீர்கள். "ஐ கவர்ட் ஹிஸ் ஷிஃப்ட்" என்றால் வம்பில்லை.

மேலதிகாரியின் இடத்தில் அவருக்குக் கீழே இருப்பவர் நிற்பதற்கு 'டெப்யூடைஸ் ஃபார்' உண்டு. பிரிட்டனில் அதிகம் புழங்கும். நம் அரசு அலுவலக 'டெபுடேஷன்' இதுவல்ல. அது வேறு துறைக்கு அனுப்பப்படுவது.

கேள்வி: சமையல் குறிப்பில் "சப்ஸ்டிட்யூட் ஹனி ஃபார் சுகர்" என்று இருந்தது. தேனை எடுத்துவிட்டுச் சர்க்கரை போட வேண்டுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தலைகீழ். 'ஃபார்' என்பதற்குப் பின்னால் நிற்பதுதான் வெளியே போவது. சர்க்கரை போகிறது, தேன் வருகிறது. 'ரிப்ளேஸ்' போட்டால் வரிசை மாறும்: "ரிப்ளேஸ் சுகர் வித் ஹனி." இரண்டுக்கும் பொருள் ஒன்றே. இரண்டையும் கலந்து "சப்ஸ்டிட்யூட் சுகர் வித் ஹனி" என்று எழுதுவோரும் ஏராளம். கால்பந்துச் செய்திகளில் இந்தக் கலப்பால் யார் உள்ளே, யார் வெளியே என்றே தெரியாமல் போகும். எழுதுகிற இடத்தில் 'ரிப்ளேஸ்... வித்' என்பதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட்டில் இந்த இரண்டு சொல்லுக்கும் விதியிலேயே வேறுபாடு உண்டு. 'சப்ஸ்டிட்யூட்' ஃபீல்டிங் செய்யலாம். பந்து வீசவோ, பேட் செய்யவோ, கேப்டனாக இருக்கவோ முடியாது. நடுவர்கள் சம்மதித்தால் விக்கெட் கீப்பிங் செய்யலாம் என்பது 2017இல் வந்த தளர்வு. தலையில் அடிபட்டவருக்கு மாற்றாக வருபவரை ஐசிசி விதி 'கன்கஷன் ரிப்ளேஸ்மென்ட்' என்கிறது. அவர் முழு ஆட்டக்காரர். 2019இல் லார்ட்ஸ் டெஸ்டில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதில் இறங்கிய மார்னஸ் லபுஷேன் 59 ரன் அடித்தது அந்த விதியால்தான். டிவி வர்ணனையில் இவரையும் 'சப்ஸ்டிட்யூட்' என்றே சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: 'ஆக்டிங் டிரைவர்' என்று வெளிநாட்டில் சொன்னால் புரியுமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: சிரமம். 'ஆக்டிங்' பதவிப் பெயரோடுதான் ஒட்டும்; அந்தப் பதவியின் அதிகாரத்தைத் தற்காலிகமாகக் கையில் வைத்திருப்பவர் என்று பொருள். 1969 மே 3 அன்று ஜாகிர் உசேன் மறைந்ததும் துணைக் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி 'ஆக்டிங் பிரசிடென்ட்' ஆனார். அவரும் ஜூலையில் விலகிவிட, தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா அதே பொறுப்பை ஏற்றார். ஒருநாள் வண்டி ஓட்ட வருபவரை பிரிட்டனில் 'ரிலீஃப் டிரைவர்' என்றால் புரியும். நம் ஊரில் 'ஆக்டிங் டிரைவர்' என்றே சொல்லுங்கள்; வேறு எப்படிச் சொன்னாலும் ஆள் கிடைக்க மாட்டார்.

கேள்வி: மகள் லண்டனில் ஆசிரியை வேலை தேடுகிறாள். 'சப்ஸ்டிட்யூட் டீச்சர்' என்று தேடினால் சரியா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் 'சப்ளை டீச்சர்' என்று தேட வேண்டும். பேறுகால விடுப்பில் போனவரின் இடம் என்றால் விளம்பரத்தில் 'மெட்டர்னிட்டி கவர்' என்று இருக்கும். ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் பக்கம் 'ரிலீஃப் டீச்சர்'. பதிலுக்கு வரும் மருத்துவர் என்றால் 'லோகம்'.

கேள்வி: 'ஸ்டெப்னி' ஆங்கிலச் சொல்தானா?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் தயாரான மாற்றுச் சக்கரத்தின் பெயர் அது. அப்போது கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலே வந்தன. ஆரக்கால் இல்லாத வளையத்தில் டயரை ஏற்றி, பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்வி மாட்டுவார்கள். பிரிட்டனில் இன்று பலருக்கும் இந்தப் பெயர் தெரியாது. அங்கே வாடகைக் கார் எடுத்தால் 'ஸ்பேர் வீல்' என்று கேளுங்கள். அது ஒல்லியான 'ஸ்பேஸ் சேவர்' வகையாக இருந்தால், சக்கரத்திலேயே வேக வரம்பு அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ.