டீச்சரிடம் கேளுங்கள்: ஊரடங்கில் எது மாறியது, எது மாறவில்லை?

(மணக்குடியைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: 2020 ஊரடங்கில் வானம் அவ்வளவு தெளிவாக இருந்தது. மனுஷன் வீட்டுக்குள் இருந்தாலே போதும், இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்கிறார் என் நண்பர். சரிதானா டீச்சர்?
– வாசகர், வடசேரி

பாதி சரி. வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு காற்றில் ஒரு நாள்கூட முழுசாகத் தங்காது. எஞ்சின் நின்றால் அதுவும் போய்விடும். நுண்தூசி சில நாள் மிதக்கும், மழை பெய்தால் இறங்கிவிடும். மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே பஞ்சாபின் ஜலந்தர் மொட்டைமாடிகளிலிருந்து தௌலாதார் பனிமலை தெரிந்தது. அதை அங்கே இருந்து அதற்கு முன் பார்த்திராத பிள்ளைகள் பலர்.

நம் மாவட்டத்தில் அந்த அளவுக்கு மாற்றம் இல்லை. ஒரு பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று, மறுபக்கம் கடற்காற்று. நமக்கு வேளிமலையும் தாடகை மலையும் சாதாரண நாளிலேயே தெரியும். நான் உணர்ந்தது சத்தத்தில் வந்த மாற்றத்தைத்தான். கல் ஏற்றிப் போகும் லாரிகள் நின்றன. பகல் பத்து மணிக்கும் செம்போத்து கூவுவது திண்ணையில் இருந்தே கேட்டது. பறவை கூடிவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கூடியது பறவையல்ல, நம் காதுக்கு எட்டிய தூரம். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு வகைக் குருவியை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். இரைச்சல் குறைந்ததும் அந்தக் குருவிகள் குரலைத் தாழ்த்திக்கொண்டன. அப்படியும் பாட்டு முன்னைவிட அதிக தூரம் எட்டியது. அதுவரை அவை நம் வண்டிச் சத்தத்துக்கு மேல் கத்திக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. பூமிக்குள்ளும் இப்படித்தான். நில அதிர்வுமானிகளில் பதிவாகும் மனித நடமாட்ட அதிர்வு சில மாதங்களுக்கு உலக அளவில் பாதி வரை குறைந்தது.

இனி மறுபாதி. பல நகரங்களில் தரைமட்ட ஓசோன், அதாவது நாம் சுவாசிக்கும் காற்றில் கலந்து மூச்சுக்குக் கெடுதல் செய்யும் ஓசோன், கூடியது. வண்டிப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்று தீர்க்கும். அது குறைந்ததும் ஓசோன் தங்கிவிட்டது. ஆகவே எல்லா மாசும் ஒன்றாக இறங்கவில்லை. உங்கள் நண்பரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கன்னியாகுமரிக் கடற்கரை குப்பையில்லாமல் கிடந்தபோது, அங்கே சங்கு மாலையும் சுண்டலும் விற்றுப் பிழைத்தவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஈரானில் சிக்கிக்கொண்ட நம் மீனவப் பிள்ளைகள் கடற்படையின் ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கியது 2020 ஜூலை 1-ல்தான். அதுவரை அந்த அம்மாக்கள் எப்படித் தூங்கினார்கள் என்பதை நான் அறிவேன். அத்தனை பேர் பட்டினியில் கிடைத்த சுத்தத்தை இயற்கையின் வைத்தியம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

கேள்வி: உலகமே நின்றும் பூமியின் சூடு குறையவில்லையே, ஏன்?
– வாசகர், தக்கலை

2020 ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாளைய கரியமில வாயு வெளியேற்றம், 2019-ன் சராசரியைவிட ஏறத்தாழ 17 சதவீதம் குறைந்தது. ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் குறைவு 5 சதவீதத்தை ஒட்டித்தான். 2021-லேயே அது ஏறக்குறைய பழைய அளவுக்கு ஏறிவிட்டது. மதகு வழியே குளத்துக்கு வரும் தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் குளம் வற்றுமா? நிறையும் வேகம்தானே குறையும்! அப்படித்தான் ஹவாய் தீவின் மௌனா லோவா நிலையத்தில் காற்றில் இருந்த கரியமில வாயுவின் 2020 மே மாதச் சராசரி 417 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 417 பங்கு. அதுவரை அங்கே பதிவானதில் அதுதான் உச்சம்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது அந்த 17 சதவீதம். பஸ், ரயில், விமானம், பள்ளி, கோயில், மாதாகோவில் எல்லாம் நின்றும் எண்பது சதவீதத்துக்கு மேல் புகை போய்க்கொண்டேதான் இருந்தது. மின் நிலையங்கள் எரிந்தன, பல ஆலைகள் ஓடின. வண்டியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை; மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கு நம் முப்பந்தலில் சுழலும் காற்றாலைகள் ஒரு பதில்.

கேள்வி: ஊரடங்கில் கடலுக்கு ஓய்வு கிடைத்தது, மீன் பெருகியது, ஒடிசாவில் ஆமைகள் லட்சக்கணக்கில் வந்தன என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?
– வாசகி, குளச்சல்

ஆமை வந்தது உண்மை, காரணம்தான் தவறு. ஒடிசாவின் ருஷிகுல்யா கரையில் 2020 மார்ச் கடைசியில் பங்குனி ஆமைகள் கூட்டமாக ஏறி முட்டையிட்டன. ஆனால் அவை இணைசேர நவம்பர் மாதமே அந்தக் கடலுக்கு வந்துவிடும். 2019-ல் அங்கே கூட்டமாக ஏறவில்லை, 2018-ல் ஏறின. அப்போது ஊரடங்கு ஏது?

மீன் கதையை நீங்களே நன்றாக அறிவீர்கள். நம் மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு: கிழக்குக் கரையான சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல், மேற்குக் கரையான குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல், தலா 61 நாள். 2020-ல் தொழில் நின்ற நட்டத்துக்காக அதை 47 நாளாக்கினார்கள். மேற்குக் கரைக்கு ஜூன் 15 முதல் ஜூலை 31 வரை. மீனவர் வயிற்றை நினைத்தால் அது நியாயம்தான். கடலைக் கேட்டால், மார்ச்சில் கொடுத்த ஓய்வில் பதினான்கு நாளை ஜூனில் திரும்ப வாங்கிக்கொண்டோம். சாளைக்கு, அதாவது மத்தி மீனுக்கு, மார்ச் ஓய்வைவிட, தென்மேற்குப் பருவக்காற்றில் அடிக்கடல் குளிர்நீர் மேலே வருகிறதா என்பதே முக்கியம். அந்த நீரில்தான் அதற்கு இரை பெருகும்.

கரையில் நின்று இழுக்கும் கரமடி வலையில் மாஸ்க் சிக்கியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நீல மாஸ்க் துணி போலத் தெரிந்தாலும் பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். திரும்பக் கடலில் விடாதீர்கள். காதில் மாட்டும் நாடாவை அறுத்துவிட்டுக் கரையில் குப்பைக்குக் கொடுங்கள். நாடாதான் பறவைக் காலில் சுற்றும்.

கேள்வி: ஊரடங்கில் காடாவது நிம்மதியாக இருந்திருக்குமே?
– வாசகர், குலசேகரம்

இல்லை. ஊரடங்குக்கு முந்தைய ஆறு வாரத்தில் இந்தியாவில் செய்தியாக வந்த வேட்டைச் சம்பவங்கள் 35. ஊரடங்கின் முதல் ஆறு வாரத்தில் 88. காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் 'டிராஃபிக்' அமைப்பு எடுத்த கணக்கு இது. ஆள் நடமாட்டம் இல்லாத காடு வேட்டைக்காரனுக்கும் வசதிதான்.

கேள்வி: டீச்சர், ஊரடங்கில் பழையாறு சுத்தமானதா என்று புராஜெக்ட் செய்ய ஆசை. எப்படித் தொடங்க?
– பிளஸ் டூ மாணவி, சுசீந்திரம்

மக்ளே, தலைப்பைக் கொஞ்சம் மாற்று. ஆலைக் கழிவு கலக்கும் ஆறுகள்தான் ஆலை நின்றதும் தெளிந்தன. பழையாற்றுக்கு நாகர்கோவில் வீடுகளின் சாக்கடைதான் பெரிய நோய். ஊரடங்கில் எல்லோரும் வீட்டில்தானே இருந்தோம்? அதனால் வீட்டுக் கழிவுநீர் ஆற்றை எங்கே, எவ்வளவு கெடுக்கிறது என்று பார். பூதப்பாண்டி, ஒழுகினசேரிப் பாலம், சுசீந்திரம், மணக்குடி ஆகிய நாலு இடத்தில், காலை ஒரே நேரத்தில் தண்ணீர் எடு. கரைந்துள்ள ஆக்சிஜனை உங்கள் வேதியியல் லேபிலேயே அளக்கலாம். பாட்டிலில் காற்றுக் குமிழ் இல்லாமல் மூடு. மணக்குடியில் கடல் ஏறும் நேரத்தைக் குறித்துக்கொள், உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதை அழுக்கு என்று எழுதிவிடாதே. அணை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாயும் முன் ஒரு தடவை, பாய்ந்த பின் ஒரு தடவை எடு. ஆற்றில் தனியாக இறங்காதே, வீட்டில் ஒருவரைக் கூட்டிப் போ. மணக்குடிக்கு வரும் அன்று சொல், நானும் பாலத்துக்கு வருகிறேன்.