கையுறை போட்டால் போதுமா?

கேள்வி: என் தாயார் அறுவை சிகிச்சை முடிந்து தனியார் மருத்துவமனை ஒன்றில் தங்கியிருக்கிறார். உணவு கொண்டுவரும் பணியாளர்கள் அனைவரும் தொப்பியும் கையுறையும் அணிந்திருக்கிறார்கள்; ஆண்டுதோறும் அவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடப்பதாகவும் சொல்கிறார்கள். பார்வைக்கு ஆரோக்கியமாக இருப்பவரின் கையிலிருந்தும் உணவில் கிருமி சேருமா? மீண்டும் சூடாக்கிச் சாப்பிட்டால் ஆபத்து நீங்கிவிடாதா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: சேரும். 1915இல் நியூயார்க்கின் ஸ்லோன் மகப்பேறு மருத்துவமனையில் டைபாய்டு பரவி 25 பேர் பாதிக்கப்பட்டு, இருவர் இறந்தபோது, விசாரணை இறுதியில் போய் நின்ற இடம் அங்குள்ள சமையலறைதான். பெயரை மாற்றிக்கொண்டு அங்கே சமையல் செய்துவந்த மேரி மாலன், டைபாய்டு கிருமியை உடலில் சுமப்பவர் என்று 1907இலேயே கண்டறியப்பட்டவர். இனிச் சமையல் வேலைக்குப் போவதில்லை என்று உறுதியளித்து, மருத்துவத் தனிமைக் காவலிலிருந்து 1910இல் விடுதலை பெற்ற அவர், சலவை வேலையில் கூலி குறைவாகக் கிடைத்ததால் மறுபடியும் கரண்டியைப் பிடித்தார். தமக்கு நோயே இல்லை என்றே அவர் சாதித்துவந்தார்.

நம் நாட்டில் 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், உணவைக் கையாள்வோருக்கு ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனையையும், குடல்சார்ந்த தொற்றுகளுக்கான தடுப்பூசியையும் கட்டாயமாக்கியுள்ளன. ஆனால் சான்றிதழ் பரிசோதனை நாளின் நிலையைத்தான் சொல்லும். அடுத்த மாதம் வரும் வயிற்றுப்போக்கைப் பணியாளரே முன்வந்து சொன்னால்தான் உண்டு. சொன்னால் அன்றைய சம்பளம் போய்விடும் என்ற நிலையில் யார் சொல்வார்கள்? என்னைக் கேட்டால், கையுறையைவிட ஊதியத்துடன் கூடிய நோய்விடுப்பே பெரிய பாதுகாப்பு. கையுறை அணிந்த கையாலேயே கைப்பேசியை எடுத்துப் பேசி, குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, அதே கையால் இட்லியை எடுத்து வைப்பவர், கை சுத்தமாக இருக்கிறது என்ற நினைப்பில் கழுவுவதையும் விட்டுவிடுகிறார்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா, ஆரோக்கியமானவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவரின் மூக்கில் குடியிருக்கிறது. நகச்சுத்தி வந்த விரலிலும் சீழ்பிடித்த புண்ணிலும் ஏராளமாக இருக்கும். அப்படிப்பட்ட விரலால் பிசைந்த தயிர்சாதம் சில மணி நேரம் வெளியே இருந்தால், அந்தப் பாக்டீரியா பெருகி நஞ்சைச் சுரந்துவிடும். பிறகு சூடாக்கினால் பாக்டீரியா சாகும். நஞ்சோ கொதிக்கவைத்தாலும் எளிதில் சிதையாது. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி தொடங்கும். அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு அந்த வாந்தியும் நீரிழப்பும் பெரும் சோதனை.

ஆகவே தாயாருக்கு வரும் உணவைச் சூடாக இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். மதியம் மிஞ்சிய சாதத்தைக் கட்டிலருகே மூடிவைத்து இரவில் கொடுக்காதீர்கள். கட்டுப்போட்ட விரலுடன் ஒருவர் பரிமாறுவதைக் கண்டால் உணவுப் பிரிவு மேலாளரிடம் உடனே சொல்லுங்கள். அவர் அசட்டை செய்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் செய்யலாம்.