அரைப்பேர்க் கணக்கு

அன்புள்ள ஐயாவுக்கு,

உயர்தரத்தில் பொருளியல் படிக்கிறேன். வீடு இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தலைக்குரிய வருமானம், அதாவது நாட்டு வருமானத்தை ஆளுக்கு வகுத்த சராசரி, கூடினால் வளர்ச்சி, மக்களின் வாழ்க்கைத்தரம் உயர்ந்தால்தான் அபிவிருத்தி என்று சேர் சொல்லித் தந்தார். அம்மாவிடம் ஒப்பித்தேன். "சம்பளம் கூடியிருக்கு, கடன் குறையலையே. அது எதுல வரும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

அம்மாவின் சம்பளத்திலிருந்தே தொடங்குவோம். எத்தனையோ ஆண்டு கத்திய பிறகு 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. அப்போது ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. அடுத்த ஆண்டு அது 360ஐத் தொட்டது. ஐந்து டொலர் சம்பளம் மூன்று டொலருக்கும் கீழே போனது. தேயிலையோ வெளிநாட்டுக்கு டொலருக்குத்தான் போகிறது. 2024இல் சம்பளம் 1350 ஆனபோதும் பழைய ஐந்து டொலர் திரும்பி வரவில்லை. கடையில் மாவும் பருப்பும் ஏறிய கதையை உங்கள் அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

அதுவும் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழுந்தால்தான். பறித்த கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணீருக்கும் கழிவு. மழைக்காலத்தில் எத்தனை நாள் வேலை கொடுப்பார்கள் என்பது தோட்டத்தை நடத்தும் துரைக்குத்தான் தெரியும். நாட்சம்பளம் பத்திரிகையில் செய்தியாகிறது, மாதத்தில் எத்தனை முழுப்பேர் விழுந்தது என்பது ஆகாது. கடன் அந்த இடைவெளியில்தான் முளைக்கிறது.

இனி நாட்டுக் கணக்கு. 2019 ஜூலையில் உலக வங்கி அந்தத் தலைக்குரிய வருமானத்தை வைத்து இலங்கையை மேல் நடுத்தர வருமான நாடாக உயர்த்தியது, மறு ஆண்டே கீழே இறக்கியது. இரண்டு ஜூலையிலும் பிரட்டுக்களத்தில், காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், நின்றவர்கள் அதே பெண்கள்தான். சராசரி என்பது அப்படி. தேசிய வருமானத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ். ஒரு நாட்டின் நலனை இந்த எண்ணை வைத்து ஊகிக்க முடியாது என்று 1934இலேயே எழுதிவிட்டார். அந்த வரியை மட்டும் எல்லோரும் வசதியாகத் தாண்டிப் போனார்கள்.

வறுமைக் கணக்கு இன்னும் வேடிக்கை. 2016 கணக்கெடுப்பில் நாட்டில் ஏழைகள் 4.1 சதவீதம், தோட்டங்களில் 8.8. 2019இல் நாட்டில் 14.3, தோட்டங்களில் 33.8. மூன்றே ஆண்டில் இத்தனை பேர் ஏழையாகிவிடவில்லை. பழைய வறுமைக்கோட்டை எடுத்துவிட்டுப் புதுக் கோடு கிழித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் எந்தக் கோட்டைக் கிழித்தாலும் தோட்டம் நாட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதே, அதைக் கவனியுங்கள்.

1990இல் பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் கொண்டுவந்த மனித அபிவிருத்திச் சுட்டெண் ஆயுளையும் படிப்பையும் வருமானத்தோடு சேர்த்தது. இந்தியப் பொருளியலாளர் அமர்த்தியா சென்னின் பங்கும் அதில் உண்டு. அது நல்ல திருத்தம்தான். ஆனால் அதிலும் நம்முடைய சில சங்கதிகள் அகப்படாது. எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வீட்டிலக்கம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்தின் பெயருக்கு வந்து, தோட்டக் கந்தோரில், அலுவலகத்தில், கிடந்து, யாராவது கொண்டுவந்தால் கையில் சேரும். எனக்கு ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்து நான்கு நாள் கழித்துக் கிடைத்தது. அதை எந்தச் சுட்டெண்ணில் போடுவது? வேலையை விட்டால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவையும் விடவேண்டி வருமோ என்ற பயத்தை?

ஆகவே அம்மாவுக்குச் சொல்லுங்கள்: அவர் சொன்ன கடன் நாட்சம்பளக் கணக்கிலும் வராது, தலைக்குரிய வருமானத்திலும் வராது. ஒரு வேலை செய்யுங்கள். ஆறு மாதத்துச் சம்பளத் துண்டுகள் வீட்டில் இருந்தால் எடுத்து, எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர், அட்வான்ஸும் தொழிற்சங்கச் சந்தாவும் பிடித்தது போக மீதி எவ்வளவு, கடையில் கொடுத்தது எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். சேரிடமும் காட்டுங்கள். முடிந்தால் எனக்கும் அனுப்புங்கள்.