பிரெஞ்சு வினைச்சொல் அட்டவணையை உருப்போட்டே ஆக வேண்டுமா?

பிரெஞ்சு படிக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு வினைச்சொல்லும் ஆறு விதமாக மாறுகிறது, அது போதாதென்று 'ஜெ' (நான்) சில இடங்களில் வெறும் 'ஜ்' ஆகிவிடுகிறது, இதற்கு எளிய வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. அட்டவணையைக் கண்ணால் படிப்பதை நிறுத்திவிட்டுக் காதால் படியுங்கள்.

'பேசு' என்ற பொருளுள்ள 'பார்லே' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெ பார்ல், த்யூ (நீ) பார்ல், இல் பார்ல், இல் பார்ல். கடைசி இரண்டில் ஒன்று 'அவன் பேசுகிறான்', இன்னொன்று 'அவர்கள் பேசுகிறார்கள்'. எழுத்தில் விகுதி மாறும், வாயில் மாறாது, ஏனென்றால் அந்தக் கடைசி எழுத்துகளை யாரும் உச்சரிப்பதில்லை. மிச்சம் இருப்பது நூ (நாம்) பார்லோன் (மூக்கொலியோடு), வூ (நீங்கள்) பார்லே, அவ்வளவுதான். பேச்சில் பெரும்பாலும் 'நூ'வுக்குப் பதில் 'ஓன் பார்ல்' என்றே சொல்லிவிடுகிறார்கள், ஆக காதுக்கு இரண்டு வடிவம் தெரிந்தால் வண்டி ஓடும். பிரெஞ்சு வினைகளில் பத்தில் ஒன்பதுக்கு இதே போக்குதான். இருப்பது, வைத்திருப்பது, போவது, செய்வது ஆகிய நான்கு வினைகளும் வழிக்கு வராதவை. அவற்றை மட்டும் முதல் வாரமே மனப்பாடம் செய்துவிடுங்கள், வேறு வழியில்லை.

தமிழில் 'பேசுகிறேன்' என்றால் 'நான்' என்பது விகுதியிலேயே வந்துவிடும். பிரெஞ்சில் விகுதி காதில் விழாததால் 'ஜெ', 'த்யூ' எதையும் விட முடியாது. அதனால் அந்தச் சொல் வினையோடு ஒட்டிக்கொண்டே திரிகிறது. இப்படி ஒட்டுகிற இடத்தில்தான் உங்கள் இரண்டாவது குழப்பம் பிறக்கிறது, இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்துவதால்தான் கடினமாகத் தெரிகிறது என்பது என் கருத்து.

'வசி' என்ற பொருளுள்ள 'ஆபித்தே'யைப் பாருங்கள். எழுத்தில் முதலில் ஒரு ஹெச் இருக்கிறது, ஒலி கிடையாது, எனவே உயிரெழுத்தில் தொடங்குவதாகவே கணக்கு. ஜெ + ஆபித் = ஜாபித். வீடு + எங்கே என்பது வீடெங்கே ஆகும்போது உகரம் கெடுகிறதே, அதேதான். விட்டுப்போன உயிருக்குப் பதிலாக எழுத்தில் ஒரு அப்பாஸ்ட்ரஃபி போடுகிறார்கள். அப்புறம் நூஸாபித்தோன், வூஸாபித்தே என்று முன்சொல்லின் ஊமை எஸ் உயிர்பெற்று வண்டு முரலுவதுபோல் ஒலிக்கும். இங்கே ஒரு லாபம்: 'இலாபித்' என்றால் அவன், 'இல்ஸாபித்' என்றால் அவர்கள். 'பார்லே'யில் காதுக்குத் தெரியாத ஒருமை பன்மை இங்கே தெரிந்துவிடுகிறது.

எல்லாச் சொல்லும் இப்படிக் குறுகாது. ஜெ, மெ, தெ (உன்னை), செ, லெ, லா, தெ (உடைய), நெ, கெ போன்ற குட்டிச் சொற்கள் குறுகும். 'த்யூ'வும் 'எல்'லும் (அவள்) எழுத்தில் குறுகாது, த்யூ ஆபித் என்றே எழுத வேண்டும். 'சி' (என்றால்) என்பது 'இல்' முன்னால் மட்டும் 'சில்' ஆகும், 'எல்' முன்னால் ஆகாது. ஹெச்சில் தொடங்கும் சில பெயர்ச்சொற்களும் முரண்டு பிடிக்கும்: மனிதன் 'லோம்' (லெ + ஓம்) ஆகிறான், ஆனால் நாயகன் 'லெ ஏரோ'வாகவே நிற்கிறான். பன்மையில் சேர்த்துச் சொன்னால் 'லே ஸேரோ' ஆகிவிடும், அதற்குப் பொருள் பூஜ்ஜியங்கள்! இந்தப் பிடிவாத ஹெச்சுக்குப் பல அகராதிகளில் நட்சத்திரக் குறி இருக்கும், சொல்லைக் கற்கும்போதே பார்த்து வையுங்கள்.

பயிற்சிக்கு ஒன்று. எந்த வினையையும் தனியாகச் சொல்லாதீர்கள், 'ஜாபித்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உடனே அதன் எதிர்மறையையும் சொல்லுங்கள் (வினைக்கு முன்னால் 'நெ', பின்னால் 'பா' போட்டால் எதிர்மறை): ஜெ நாபித் பா. நடுவில் 'நெ' வந்ததும் 'ஜெ'வுக்கு அடுத்து மெய்யெழுத்து வந்துவிட்டது, அதனால் அது முழுதாகத் திரும்புகிறது, இப்போது குறுகுவது 'நெ'யின் முறை. சரி, இதையே 'பார்லே'யில் செய்து பாருங்கள்: ஜெ பார்ல், ஜெ நெ பார்ல் பா. எதுவும் குறுகவில்லை. ஏன் என்று உங்களாலேயே சொல்ல முடிகிறதா பாருங்கள்.