கரப்புக்குள் நின்ற அரசர்

உடுப்புப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் கடிதங்களோடு மூன்று வாட்ஸ்அப் குரல்பதிவுகளும் வந்தன. கடையில் தையல் மெசின் ஓடும்போது அதெல்லாம் எனக்குக் கேட்காது. அடுத்த முறை எழுதியே அனுப்புங்கோ.

கேள்வி: தமிழ்த் தினப் போட்டிக்கு எங்கள் பிள்ளைகள் கண்ணகி நாடகம் போட்டார்கள். "அந்தக் காலத்தில் வெல்வெற் சட்டை ஏது?" என்று ஒரு நடுவர் புள்ளி குறைத்துவிட்டார். அவர் சொன்னது சரியா அன்ரி?
(ஆசிரியை, உப்புவெளி)

வெல்வெற் இருந்திராது. அதில் நடுவர் பக்கம்தான் நியாயம். ஆனால் தையற்காரர் இருந்தார்கள் ரீச்சர். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையை எடுத்துப் பாருங்கோ. புகார் நகரத்தின் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிற இடத்தில் "துன்ன காரரும் தோலின் துன்னரும்" என்று வரும். துன்னகாரர் என்றால் துணி தைக்கிறவர், எங்கள் ஆள். அதற்கு அடுத்த வரி எனக்கு இன்னும் பிடிக்கும்: "கிழியினும் கிடையினும் தொழில்பல பெருக்கி." கிழி என்றால் துணி, கிடை என்றால் நெட்டி, தக்கை மாதிரி மெல்லிய தண்டு. துணியிலும் நெட்டியிலும் பூவும் உருவமும் செய்து பிழைத்தவர்கள். நான் றெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையை வெட்டி அரசர் முடி செய்யும்போதெல்லாம் அந்த வரி வாயில் வரும்.

சட்டை என்றால் அந்நாளில் கொஞ்சம் அந்நியம்தான். சங்க நூலான முல்லைப்பாட்டு, மேற்கிலிருந்து வந்த யவனர் போட்டிருந்த சட்டையை "மெய்ப்பை" என்கிறது. உடம்புக்கு ஒரு பை! அதற்குள் புகுந்து நின்றவர்களின் தோற்றமே அச்சம் தந்ததாம்.

பிறகு எங்கள் மனதில் இருக்கிற கண்ணகியும் சீதையும் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பங்கு ஓவியர் ரவி வர்மாவின் படங்களிலிருந்து. 1894 இல் பம்பாயில் அவருடைய அச்சகம் தொடங்கி, கடவுளர் படங்கள் வீட்டுச் சுவர்களுக்கு வந்தன. மேடைக்குத் தைத்தவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துத் தைத்தார்கள். அந்தக் காலத்துப் பார்சி நாடகக் கம்பெனிகள் மினுக்கத்தையும் தீட்டிய திரைகளையும் ஊரூராகக் கொண்டு திரிந்தன. பழைய காலம் என்று நாங்கள் நினைக்கிற உடுப்பில் பாதிக்கு மேல் நூற்றைம்பது வயது வராது.

வெள்ளைக்காரரும் இப்படித்தான் இருந்தார்கள். ஷேக்ஸ்பியர் காலத்தில் கீறிய ஒரு படம் இருக்கிறது, டைட்டஸ் அன்ட்ரோனிக்கஸ் நாடகத்தில் ஒரு காட்சி. நடுவில் நிற்கிறவருக்கு ரோமாபுரி உடுப்பு மாதிரி ஒன்று. அவருக்குப் பின்னால் நிற்கிற காவலருக்கு அன்றைய இங்கிலாந்துச் சிப்பாய் உடுப்பு. 1823 இல்தான் லண்டன் கொவென்ற் கார்டன் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ஜோன் மன்னன் நாடகத்துக்குப் பிளான்ஷே என்பவர் கல்லறைச் சிலைகளையும் பழைய முத்திரைகளையும் பார்த்து, அந்த மன்னன் காலத்து உடுப்பையே தைப்பித்தார். தட்டையான இரும்புத் தொப்பிகளைக் கண்ட நடிகர்கள், சட்டியைக் கவிழ்த்து வைத்தது போலிருக்கிறது, சனம் சிரிக்கப் போகிறது என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்களாம். திரை விலகியதும் சனம் கைதட்டியது. ஆக, நடுவர் கேட்கிற சரித்திரச் சுத்தம் மேடைக்கு வந்தே இருநூறு வருசம்தான்.

உங்கள் நடுவரிடம் ஒன்று கேட்டிருக்கலாம்: கண்ணகியின் தலைக்கு மேலே எரிந்த எல்ஈடி விளக்குக்கு எத்தனை புள்ளி குறைத்தீர்கள்?

கேள்வி: சின்ன வயதில் பார்த்த வடமோடிக் கூத்தில் ராசா வேஷக்காரர் கரப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த மாதிரி வருவார். ஏன் அப்படி ஒரு உடுப்பு? நடக்கவே கஷ்டப்பட்டிருப்பாரே?
(ஓய்வுபெற்றவர், தம்பலகாமம்)

ஐயா, மாதிரி என்ன? அதற்குப் பெயரே கரப்புடுப்புத்தான். குளத்தில் மீன் பிடிக்கக் கவிழ்க்கிற கரப்பு மேலே ஒடுங்கிக் கீழே அகன்று இருக்கும். உடுப்பும் அப்படி. எங்கள் அப்பா உள்ளுக்குப் பிரம்பு வளையம் போடுவார். மேலே ஒன்று சின்னதாய், நடுவில் ஒன்று, அடியில் பெரியது ஒன்று. அதற்கு மேல் துணி, துணிக்கு மேல் சரிகைக் கரை, கரைக்கு மேல் கண்ணாடித் துண்டு. பிரம்பை ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டுத்தான் வளைப்பார். அந்த வாளியில் கால் இடறி நான் வாங்கிக் கட்டியது தனிக் கதை.

ஏன் அப்படி என்றால், கூத்து ஆடுகிற வட்டக்களரியை நினைத்துப் பாருங்கோ. சுற்றிவரச் சனம். ஆடுகிறவருக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் அவர் அரசராகத் தெரிய வேண்டும். அதற்கு உருண்டையான உடுப்புத்தான் சரி. சுழன்று ஆடும்போது உடுப்பும் சுழலும். கதகளிக்காரரும் யக்ஷகானக்காரரும் இடுப்பைச் சுற்றி அகல உடுத்துகிறார்கள், பார்த்திருப்பீர்கள். கூத்தின் மற்ற வகையான தென்மோடிக்கு இந்தப் பாரம் இல்லை, மெல்லிய உடுப்பு. வடமோடியில் அநேகம் பாரத இராமாயணப் போர்க்கதை. போருக்குப் போகிறவருக்குப் பாரம் இருக்கத்தானே வேணும்.

அடுத்தது வெளிச்சம். என்னைக் கேட்டால் இதுதான் முதற் காரணம். பந்தம் பிடித்த காலத்தில் வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்காது. காற்றுக்கு ஆடும், மங்கும், எழும்பும். அந்த ஆடுகிற வெளிச்சம் பட்டால்தான் கண்ணாடித் துண்டு மின்னும். கடைசி வரிசையில் பாயில் இருக்கிற கிழவிக்கு அரசரின் முகம் தெரியாது. நெஞ்சுப் பதக்கமும் முடியும் மின்னுகிறது மட்டும் தெரியும். அவளுக்கு அது போதும். பிறகு பெற்றோமாக்ஸ் வந்தது, வெள்ளை வெளிச்சம். அப்பா கண்ணாடியைக் குறைத்து ஜிகினாவைக் கூட்டினார். மின்சாரம் வந்ததும் ஜிகினாவும் கண்ணைக் குத்தத் தொடங்கியது. லண்டனில் சவோய் அரங்கு முழுக்க மின்விளக்குப் போட்டது 1881 இல். எங்கள் ஊர்க் களரிகளுக்கு அது வந்து சேரக் கனகாலம் ஆனது. யாராவது உடுப்புக் கேட்டு வந்தால் அப்பா அளவு நாடாவை எடுக்கமாட்டார். "என்ன விளக்குத் தம்பி?" என்றுதான் முதலில் கேட்பார். நான் இன்றைக்கும் அதையேதான் கேட்கிறேன். பிள்ளைகள் எனக்கு வயது போய்விட்டது என்று நினைக்கிறார்கள்.

நடக்கக் கஷ்டமா என்று கேட்டீர்கள். மாதக்கணக்காகப் பழகுவது சாரத்தோடு. சதங்கை அணி விழாவுக்குச் சதங்கை மட்டும் ஏறும். முழு உடுப்பு அரங்கேற்றத்து இரவில்தான். அதனால் அப்பா வெறும் பிரம்புக் கூட்டை முன்கூட்டியே கொடுத்துவிடுவார், "வளவுக்குள்ளே கட்டிக்கொண்டு ஆடு" என்று. ஒருத்தர் அதற்குள் கோழிக்குஞ்சை விட்டு மூடி வைத்திருந்தாராம்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1962 இல் கர்ணன் போர். விடிய விடிய ஆடியது ஒரு மாலைக்குள் அடங்கியது. கூத்தைப் படித்த சனம் மதிக்கத் தொடங்கியது அதனால்தான், மறுக்க மாட்டேன். ஆனால் சனம் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிற மேடையில் உடுப்பின் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்? இன்றைக்கு என் கடையில் வாடகைக்குப் போகிற ராசா உடுப்பில் பாதிக்கு முதுகில் ஒரு கரையும் இல்லை, வெறும் நாடாதான். நான் தைத்ததுதான், வெட்கமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: உலகத்தில் முதலாவது நாடக உடை வடிவமைப்பாளர் யார்?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, மூதூர்)

முதலாவது ஆளைக் கண்டுபிடிக்க ஏலாது மகள். கிரேக்க நாடகத்தில் முகமூடி செய்தவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். ஒப்படைக்கு எழுதுவதென்றால் இனிகோ ஜோன்ஸ் என்று எழுதுங்கோ. 1605 இல் இங்கிலாந்து அரசவையில் ஆடிய ஒரு களியாட்டத்துக்கு உடுப்பும் காட்சியும் அமைத்தவர். அவர் கீறிய உடுப்புப் படங்கள் பல இன்றும் பாதுகாப்பாக இருக்கின்றன. எங்கள் அப்பா மணலில்தான் கீறுவார், அதைக் கால் அழித்துவிடும்.

கேள்வி: மகனுக்கு வாடகைக்கு எடுத்த வெல்வெற் உடுப்பில் வியர்வை மணம். தோய்க்கலாமா?
(ஒரு தாய், நிலாவெளி)

தோய்க்கவே வேண்டாம்! வெல்வெற்றின் மயிர் படுத்தால் எழும்பாது. உட்பக்கத்தைப் புரட்டி நிழலில் காற்றுப் பட விடுங்கோ. வெளிநாட்டு அரங்குகளில் வொட்காவைத் தண்ணீரில் கலந்து உட்பக்கம் தெளிப்பார்கள். அது ஆவியாகும்போது மணமும் போகும். சாராயத்தில் செய்யலாமா என்று ஒரு தகப்பன் கேட்டார். நிறமும் மணமும் ஒட்டும், வேண்டாம். கடலுக்குக் கிட்ட இருக்கிறபடியால் இன்னொன்று: சரிகையை உப்புக்காற்றில் தொங்கவிட்டால் கறுத்துவிடும். பழைய பருத்திச் சேலையில் சுற்றிப் பெட்டியில் வையுங்கோ. பொலித்தீனில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

2004 சுனாமியில் எங்கள் பெட்டிகளில் இரண்டு உப்புத்தண்ணீரில் கிடந்தன. ஒரு கிழமை கழித்துத் திறந்தேன். வெல்வெற் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டி. பிரம்பு வளையங்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவற்றை நல்ல தண்ணீரில் அலம்பித் திரும்பவும் துணி போட்டேன்.

கேள்வி: நாடக உடுப்பு வாடகைக் கடை தொடங்க ஆசை. பிழைக்கலாமா?
(பெயர் வேண்டாம் என்ற இளைஞர், சம்பூர்)

தமிழ்த் தினப் போட்டி, ஒளிவிழா, கலைவிழா வருகிற மாதங்களில் பிழைக்கலாம். மற்ற மாதங்களில் பிளவுஸ் தைக்க வேணும். தைக்கத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை.

உடுப்பில் காசு போடப் பயப்பட வேண்டாம். ஷேக்ஸ்பியர் காலத்து அரங்குக்காரர் ஹென்ஸ்லோவின் கணக்கேடு கிடைத்திருக்கிறது. ஒரு புது நாடகம் எழுதினவருக்குச் சுமார் 6 பவுண். பொன் வெள்ளி வேலை செய்த ஒரு கறுப்பு வெல்வெற் மேலங்கிக்கு 20 பவுணுக்கு மேல். எழுதுகிறவர்கள் இதை வாசித்தால் கோபிப்பார்கள். 1599 இல் லண்டன் போன ஒரு சுவிஸ்காரர் இன்னொன்று எழுதி வைத்தார்: பிரபுக்கள் சாகும்போது தங்கள் நல்ல உடுப்பை வேலைக்காரருக்கு எழுதி வைப்பார்களாம். வேலைக்காரர் அதைப் போட்டுத் திரிய ஏலாது, நாடகக்காரருக்கு விற்றுவிடுவார்களாம். என் கடையிலும் அதே கதைதான். கூறைச்சேலையைக் கொண்டுவந்து, "வீட்டில் வைத்திருக்க மனம் இல்லை அக்கா" என்று விட்டுப் போவார்கள். காரணம் கேட்பதில்லை. அந்தச் சேலைகளில் மூன்று இப்போது திரௌபதிக்குப் போகின்றன.

தொடங்குவதற்கு முன் ஒரு மாதம் என்னோடு வந்து இருங்கோ. சம்பளம் இல்லை, சாப்பாடு உண்டு. வரும்போது அளவு நாடா ஒன்று கொண்டு வாங்கோ. என்னுடையதில் முதல் ஆறு அங்குலமும் அழிந்துபோய்க் கிடக்கிறது.